கொங்காணி போட்ட மேய்ப்பர்கள்

நெல்லைச் சீமைக்குக் கிறிஸ்துமஸ் மழையோடுதான் வரும். அக்டோபரில் இறங்கும் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் கடைசிவரை இழுக்கும். பஜனைக் குழுக்கள் வீதிக்கு இறங்குவதும், வாலிபர்கள் தெருமுனையில் கிறிஸ்து பிறப்பு நாடகம் போடுவதும் அதே நாட்களில்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அந்தப் பகுதி ஒரு வருடம் முழுக்கப் பார்க்கும் மழையைவிட அது அதிகம். தாமிரபரணி கரை மீறியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோக, பக்கத்துக் கிராமத்து மக்கள் சோறாக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அந்த வெள்ளத்துக்குப் பிந்திய ஒரு டிசம்பரில், பாளையங்கோட்டைப் பக்கத்துச் சபை ஒன்றின் வாலிபர் நாடகக் குழுவோடு நான் செம்மணல் தேரிக்காட்டு ஊர்களுக்குப் போனேன். பதினெட்டுப் பேர். கல்லூரிப் பிள்ளைகள் பாதி, வேலைக்குப் போகிறவர்கள் பாதி. நடத்துகிறவர் ஒரு பள்ளி ஆசிரியை. எல்லோருக்கும் அவர் ‘டீச்சரக்கா’. மைக் செட் கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவனிடம் ஒலியும் விளக்கும். 2023இல் இவர்கள் நாடகமே போடவில்லை. வேடத் துணிகளைக் கட்டி வைத்துவிட்டு, ஏரல் பக்கம் அரிசியும் குடிதண்ணீரும் சுமந்தார்களாம். அதன்பிறகு டீச்சரக்கா ஒரு வழக்கம் கொண்டுவந்திருந்தார். ஒரே நாடகத்துக்கு மூன்று வடிவம். வானம் வெளுத்திருந்தால் முழு நாடகம், இருபத்தேழு நிமிடம். தூத்தல் விழுந்தால் பதினொரு நிமிடம், ஆட்களைக் குறைத்து, ஒரு வீட்டுத் திண்ணைக்குள் அடங்கும்படி. மழை வசனத்தை விழுங்கிவிட்டால் பேச்சே இல்லாத ஊமை வடிவம். மூன்றுக்கும் தனித்தனி ஒத்திகை.

பாளையங்கோட்டையில் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ‘பெத்லகேம் குறவஞ்சி’ எழுதியபோது மைக்கும் இல்லை, மின்விளக்கும் இல்லை. கூத்தின் அடவையும் குறத்தியின் வாயையும் எடுத்து வேதக் கதைக்குக் கொடுத்தவர் அவர். அந்த வழியில் வந்த பிள்ளைகள் இன்று ஸ்பீக்கர், கீபோர்டு, எல்.இ.டி. விளக்கு என்று ஒரு வேன் நிறையச் சாமான் ஏற்றுகிறார்கள். மழையில் முதலில் செத்துப்போவது இந்தச் சாமான்கள்தான்.

புறப்பட்ட மத்தியானம் செய்துங்கநல்லூர் தாண்டும்வரை வெயில். கருங்குளம் வந்ததும் வலதுபுறத்து மேகம் கருத்தது. ஆற்றங்கரை வாழைத் தோட்டங்களும் பிசான நடவு முடிந்த வயல்களும் தண்ணீரில் மின்னின. ஆழ்வார்திருநகரிக்கும் நாசரேத்துக்கும் நடுவே ஒரு வயற்காட்டு ஊர். அங்கேதான் முதல் நாடகம். கோயில் முற்றத்தில் நாற்காலி போட்டு, உபதேசியார் குடையோடு காத்திருந்தார். வேனை விட்டு இறங்குவதற்குள் தூத்தல் தொடங்கிவிட்டது.

இந்த மண்ணில் தண்ணீர் சீக்கிரம் இறங்காது. குளத்துப் பாசனத்துக் களிமண். பத்து நிமிட மழைக்குக் கால் புதையும். முற்றம் ஆகாது என்று டீச்சரக்கா பார்த்தவுடனே சொல்லிவிட்டார். எதிர்வீட்டில் அகலமான தார்சா, அதாவது முன்தாழ்வாரம், இருந்தது; ஓட்டுக் கூரை. வீட்டுக்கார ஆச்சி, நாங்கள் கேட்பதற்கு முன்பே உரலையும் சைக்கிளையும் நகர்த்த ஆரம்பித்திருந்தார்.

ஜெனரேட்டரைத் தம்பி இறக்கவே இல்லை. ஈரத்தில் கரண்டு இணைப்பு எதுவும் கிடையாது என்பது அவன் சட்டம். வயர் ஒட்டுப்போட்ட இடத்தில் சொட்டுத் தண்ணீர் போதும், இரும்பு மைக் ஸ்டாண்டைப் பிடித்திருக்கிறவன் கை விடுபடாது. பேட்டரியில் ஓடும் ஒரே ஒரு ஸ்பீக்கர், ஒரே ஒரு மைக். அதுவும் கதை சொல்லும் பெண்ணுக்கு மட்டும். தபேலாக்காரப் பையன் மூலையில் உட்கார்ந்து துண்டை விலக்கித் தட்டினான். சத்தம் தொளதொளவென்று வந்தது. தோல் ஈரக்காற்றை உறிஞ்சித் தளர்ந்துவிட்டால் சுருதி இறங்கிப்போகும். கட்டைகளைச் சுத்தியலால் இறக்கி வாரை இறுக்கினான். ஐந்து நிமிடத்தில் மறுபடி இறங்கியது. ஆச்சி வீட்டில் நாற்பது வாட்ஸ் குண்டு பல்பு ஒன்று தொங்கியது. அதன் அடியில் இரண்டு முகங்களையும் மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டே இருந்தான். ஆர்மோனியம் வேனிலேயே கம்பளிக்குள் இருந்தது. கட்டைகள் ஊறி உப்பிவிட்டால் அழுத்தினது எழும்பாது, ஒரே சுரம் ஊளையிடும். சரிபார்க்கத் திருநெல்வேலிக்குத்தான் போக வேண்டும்.

பதினொரு நிமிட வடிவம் ஆரம்பமானது. யோசேப்பும் மரியாளும் தங்க இடம் தேடும் காட்சி. சத்திரக்காரன் வேடம் போட்டவன் பொறியியல் படிக்கும் பையன், நல்ல கட்டையான குரல். ஆச்சி வீட்டு நிலைப்படியையே சத்திரத்து வாசலாக வைத்துக்கொண்டு, இடமில்லை, போங்கள் என்று கத்தினான். தன் வாசலில் நின்று ஒருவன் இப்படிச் சொன்னது ஆச்சிக்குப் பொறுக்கவில்லை.

“ஏய்யா, எதுக்கு விரட்டுத? புள்ளத்தாச்சிப் பொண்ணு நனையுதுல்லா. உள்ளக் கூட்டியா, அடுப்படில இடம் கெடக்கு” என்றார்.

கூட்டம் சிரித்தது. பையன் திகைத்து நின்றான். மரியாளாக நடித்த பெண்ணுக்கு ஒத்திகையில் இப்படி ஒரு பதில் வந்ததே கிடையாது. அவள் ஒரு கணம் ஆச்சியைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, தலைகுனிந்து, யோசேப்போடு தார்சாவின் அடுத்த மூலைக்கு நடந்தாள். கதை தப்பவில்லை. அந்தக் கைகூப்பலை அதன்பிறகு ஒவ்வொரு ஊரிலும் நாடகத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

மைக் இல்லாததே அழகு என்று நான் சொல்லமாட்டேன். தார்சாவில் உட்கார்ந்த ஐம்பது பேருக்குத்தான் நாடகம் முழுதாகக் கிடைத்தது. தெருவில் குடைபிடித்து நின்ற வேறொரு ஐம்பது பேருக்குப் பாதி வசனம் போய்ச் சேரவில்லை. அவர்களும் வேலை முடிந்து வந்து காத்திருந்தவர்கள். டீச்சரக்காவுக்கு அந்த மனக்குறை இருந்தது. முடிந்ததும் வெளியே நின்றவர்களிடம் தனியாகப் போய், குடைக்குக் குடை நின்று, இரண்டு பாட்டைக் குழுவோடு பாடினார். பிறகு ஜெபம், பிறகு கருப்பட்டிபோட்ட சுக்குக் காபி, அவித்த பனங்கிழங்கு.

அந்த இரவில் இன்னொன்று நடந்தது. மேய்ப்பர்கள் மூன்று பேரும் கம்பளி போர்த்தியிருந்தார்கள். தெருவைக் கடந்து வந்ததிலேயே கம்பளி ஊறி, தோளை அழுத்தி, ஒருவனுக்குக் குளிர் எடுத்துப் பல் கிட்டியது. உபதேசியார்தான் சொன்னார்: “எங்க அப்பா காலத்துல மழைன்னா சாக்குக் கொங்காணிதான் தம்பி. இப்பக்கூட ஆடு மேய்க்கிறவங்க அதத்தான் போடுதாங்க.” மறுநாள் காலை நாசரேத் கடைத்தெருவில் காலி யூரியா சாக்குகள் வாங்கினார்கள். பையன்கள் பக்கவாட்டுத் தையலைக் கத்தியால் கிழித்துத் தலையில் மாட்டிக்கொண்டார்கள். பார்த்ததும் எனக்கு ஒரு நிறைவு வந்தது. பெத்லகேமின் மேய்ப்பர்களைப் பாலஸ்தீனத்துப் படங்களைப் பார்த்து உடுத்தி வந்தவர்கள், மழையின் புண்ணியத்தில் நம் ஊர்க் கிடைக்காரர்களாக மாறிவிட்டார்கள். இரவில் வயல்வெளியில் மந்தை காத்தவர்கள் வேறு எப்படி இருந்திருப்பார்கள்?

தேவதூதனின் சிறகு விஷயத்தில் குழு முன்பே தேறியிருந்தது. தெர்மாகோலும் பஞ்சும் ஒட்டிய சிறகுகள் போன காலங்களில் கூழாகியிருக்கின்றன. இப்போது பழைய பிளக்ஸ் பேனரின் வெள்ளைப் பின்பக்கத்தை வெட்டித் தைத்திருந்தார்கள். எவ்வளவு நனைந்தாலும் உதறினால் போதும். நட்சத்திரமும் அப்படித்தான். மூங்கில் சிம்பில் பட்டத்தாள் போய் பிளாஸ்டிக் தாளும், உள்ளே பேட்டரி விளக்கும். தூக்கிப் பிடிக்கும் கம்பும் மூங்கில்தான். இரும்புக் குழாயோ அலுமினியமோ கூடாது. காரணம் அன்று சாயங்காலம் தெரிந்தது.

நாசரேத்திலிருந்து தெற்கே போகப் போக மண் சிவக்கிறது. குதிரைமொழித் தேரியின் செம்மணல். மெஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலயத்தின் 192 அடி கோபுரம் பனைகளுக்கு மேலே ஊசியாக எழும்பி, நெடுந்தொலைவிலிருந்தே தெரிந்தது. தேரி மணலின் குணம் வயற்காட்டுக்கு நேர் எதிர். எவ்வளவு பெய்தாலும் வாங்கிக்கொள்ளும். உள்ளே இறங்கிய தண்ணீர் மெல்ல ஊறிப் பள்ளங்களில் தருவையாக நிற்கும். ஆகவே மழை வெறித்த அரைமணி நேரத்தில் தேரியூர்த் தெருவில் நாடகம் போடலாம், காலில் சேறு ஒட்டாது. டீச்சரக்கா தன் நோட்டில் ஊர்களுக்கு எதிரே மண்ணையும் எழுதி வைத்திருந்தார். ‘களி: தார்சா தேவை.’ ‘தேரி: காத்திருந்தால் போதும்.’ இந்த இரண்டு வரியைக் கற்க அவருக்குப் பல டிசம்பர்கள் ஆகியிருக்கும்.

இரண்டாம் நாள் ஊர் தேரியின் ஓரத்தில். வீடுகள் கொஞ்சம், பனைகள் ஏராளம். வழியில் உடைமரப் பொட்டலில் கிடை போட்டிருந்த கோனார் ஒருவரைக் கண்டு வண்டியை நிறுத்தினோம். எழுபது வயது இருக்கும். செம்மறி ஆடுகள் முகத்தைத் தாழ்த்தி நெருக்கிக்கொண்டு நின்றன. மழைக்கு எங்கே ஒதுங்குவீர்கள் தாத்தா என்று பையன்கள் கேட்டார்கள்.

“மழைக்கு எதுக்கு ஒதுங்கணும்? இடிக்குத்தான் பயப்படணும். இடிச்சா ஆடு பூராவும் ஓடிப்போயி ஒரே மரத்தடில ஒட்டிக்கிடும். அங்க விழுந்துதுன்னா அத்தனையும் போச்சு. அதான் வானம் கருக்கும்போதே பனைய விட்டுத் தள்ளிப் பத்திடுவேன். நானும் பள்ளத்துல குத்தவெச்சு உக்காந்துக்கிடுவேன். கம்பக் கீழ போட்டுருவேன்.”

மரத்தை நேராக மின்னல் தாக்கினால், அதில் பாய்ந்த மின்சாரம் வேர்வழியே தரையில் பரவும். நான்கு கால் ஊன்றி நிற்கும் ஆட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே அது உடலுக்குள் ஏறிவிடும். வெட்டவெளியில் தனியாக உயர்ந்து நிற்கும் பனைக்கு இடி விழுவதைத் தேரிக்காட்டில் எல்லோரும் கண்டிருக்கிறார்கள். கோனார் எந்தப் புத்தகத்திலும் படிக்காமல் சொன்னது அவ்வளவும் சரி.

ஊருக்குள் நுழைந்தபோது மழை இல்லை. தெருமுனையில் சாமியானா, கலர் விளக்கு, முந்நூறு பேர் இருப்பார்கள். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். குழந்தைகள் முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டன. வேடம் கட்டி முடித்து, நட்சத்திரக் கம்பு நிமிர்ந்தது. மேற்கே வெளிச்சம் ஒன்று துடித்தது. தம்பி வாய்க்குள் எண்ண ஆரம்பித்தான். பன்னிரண்டு எண்ணியதும் உறுமல். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். அப்படியானால் நான்கு கிலோமீட்டர். டீச்சரக்காவின் போனில் ‘தாமினி’ செயலி அதற்கு முன்பே சிவப்புக் காட்டிக்கொண்டிருந்தது. புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கியது அது. சுற்றிலும் 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் விழுந்தால் எச்சரிக்கும். “கம்பை இறக்கு” என்றார். நட்சத்திரம் இறங்கியது.

அடுத்து அவர் சபையாரிடம் போய், நாடகம் இல்லை, எல்லோரும் உடனே கோயிலுக்குள்ளோ வீட்டுக்குள்ளோ போங்கள் என்றார். கடைசி இடிச்சத்தம் கேட்டு முப்பது நிமிடம் ஆகாமல் யாரும் வெளியே நிற்கக்கூடாது. ஊர்ப் பெரியவர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. தூரத்துல எங்கயோ இடிக்குது, ஒரு ஜெபம் பண்ணிட்டு ஆரம்பிங்கம்மா, கர்த்தர் காப்பாத்த மாட்டாரா என்றார் ஒருவர். கேட்பவர் மனதில் குறையில்லை. பிள்ளைகள் ஏமாந்துபோகுமே என்ற தவிப்புதான்.

டீச்சரக்கா குரலை உயர்த்தாமல் சொன்னார்: “ஐயா, தேவாலயத்து உச்சியில நின்னு குதின்னு பிசாசு சொன்னப்ப இயேசப்பா குதிக்கலையே. நான் எப்படி இந்தப் பிள்ளைகள நிறுத்துவேன்?”

அதற்குமேல் யாரும் பேசவில்லை.

இந்த இடத்தில் நான் டீச்சரக்காவின் கட்சி. ஆபத்தில் நிற்பதை விசுவாசத்தின் அளவுகோலாக்கும் பழக்கம் நம் சபைகளில் இருக்கிறது. மழையிலும் அசையாமல் நின்று பாடினார்கள் என்று மேடையில் சாட்சி சொல்லுவோம். அசையாமல் நின்றவர்கள் பதினாறு வயதுப் பிள்ளைகள் என்பதை மறந்துவிடுவோம். நனைவது வேறு, மின்னலுக்கு நிற்பது வேறு. நனைந்த பிள்ளைக்குத் துண்டும் சுக்குக் காபியும் போதும். ஒரு குழுவை நடத்துகிறவர் முதலில் படிக்க வேண்டியது எப்போது நிறுத்துவது என்பதை. முந்நூறு பேர் காத்திருக்கும்போது அதைச் சொல்ல, அதே மேடையில் நடிப்பதற்குத் தேவையானதைவிட அதிகத் துணிவு வேண்டும்.

சாமியானாவிலிருந்தவர்கள் காங்கிரீட் கூரைபோட்ட கோயிலுக்குள் போனார்கள். கொள்ளாதவர்கள் வீடுகளுக்குப் போனார்கள். குழு வேனுக்குள் கண்ணாடி ஏற்றி உட்கார்ந்தது. இரும்புக் கூடு சுற்றிலும் மூடிய வண்டி, மின்னல் நேரத்தில் சாமியானாவைவிட எவ்வளவோ பாதுகாப்பானது. அரைமணி நேரம் என்பது ஒவ்வொரு உறுமலுக்கும் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. ஒன்பதரை மணிக்கு மேல் ஊர் தூங்கப்போய்விட்டது. சத்திரக்காரன் வேடத்துப் பையன் கடைசி இருக்கையில் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு அழுதான். டீச்சரக்கா அவனைத் தேற்ற முயலவில்லை. நோட்டை எடுத்து, அந்த ஊர் பெயருக்கு எதிரே ‘26, சாயங்காலம்’ என்று எழுதி அவனிடம் காட்டினார்.

மூன்றாம் நாள் சாத்தான்குளம் வழியாக முதலூர்ப் பக்கம். நெல்லைச் சீமையில் 1799இல் கிறிஸ்தவர்களுக்கென்று எழும்பிய முதல் குடியிருப்பு என்பதால் அந்தப் பெயர். மஸ்கோத் அல்வாவுக்கும் பெயர்போன ஊர். தேங்காய்ப்பால் மணம் கடைவாசலிலேயே நம்மைப் பிடித்து நிறுத்தும். அன்று நாடகம் போட்ட இடம் அதற்கு அப்பால் ஒரு சிற்றூரின் தகரக் கொட்டகை. இடி இல்லை, ஆனால் மழை விடாமல் பெய்தது. தகரத்தில் விழும் மழைக்கு முன்னால் எந்த மனிதக் குரலும் நிற்காது. பேட்டரி ஸ்பீக்கரும் தோற்றது. டீச்சரக்கா கையால் வாயைப் பொத்திக் காட்டினார். ஊமை வடிவம்.

நான் பார்த்த நாட்களில் இதுதான் கலையாக எழுந்து நின்றது. வசனம் போனதும் பிள்ளைகள் உடம்பால் பேச ஆரம்பித்தார்கள். கணக்கெடுப்பு அறிவிப்பவன் இல்லாத ஓலையை விரித்து, இல்லாத எழுத்தை விரலால் ஓட்டினான். மரியாள் ஒவ்வொரு கதவாகத் தட்டும்போதும் முந்தின கதவைவிட அவள் முதுகு கூடுதலாக வளைந்தது. தூதன் வந்ததும் மேய்ப்பர்கள் பயந்து விழவேண்டும். ஒத்திகையில் மூவரும் ஒன்றாக விழுவார்கள். இங்கே ஒருவன் முதலில் ஆட்டைத் தேடினான். கோனார் சொன்னது அவன் மனதில் கிடந்திருக்கிறது. இல்லாத ஆடுகளை இரண்டு கையாலும் மரத்தைவிட்டுத் தள்ளித் தள்ளிப் பத்தினான், கம்பைக் கீழே போட்டான், குத்தவைத்து உட்கார்ந்தான். பிறகுதான் அண்ணாந்து பார்த்தான். கொட்டகையில் இருந்த ஆடு வளர்ப்பவர்கள் அதை அறிந்துகொண்டு தலையசைத்ததை நான் பார்த்தேன்.

மறுநாள் இடையன்குடியோடு பயணம் முடிந்தது. மிஷனரி கால்டுவெல் 1841இல் வந்து தங்கிய ஊர், 1880இல் பிரதிஷ்டையான அவரது ஆலயம். அன்று காலை வானம் கழுவிவிட்டது மாதிரி இருந்தது. முழு நாடகத்தையும் வெயிலில் போட்டார்கள். நன்றாகவே இருந்தது.

26ஆம் தேதி சாயங்காலம் வேன் மறுபடி தேரி ஓரத்து ஊருக்குப் போனது. எனக்கு ஊரில் வேலை, போகமுடியவில்லை. ராத்திரி பத்து மணிக்கு டீச்சரக்கா போன் செய்தார்.

“அண்ணாச்சி, இருபத்தேழு நிமிஷமும் முழுசா போட்டாச்சு. தேரி காஞ்சு கெடந்துது. நம்ம கோனார் தாத்தா வந்திருந்தாரு, பேரப்பிள்ளைகளோட. எல்லாம் முடிஞ்சதும் பையங்களக் கூப்பிட்டு ஒரே சத்தம்.”

“ஏன், என்ன குறை?”

“எதுக்குப்பா சாக்கக் கிழிச்சியன்னு கேட்டாரு. கொங்காணிக்குச் சாக்கக் கிழிக்கக் கூடாதாம். அடிப்பக்கத்து ஒரு மூலைய உள்ள தள்ளி, அடுத்த மூலையோட சேத்துட்டா, அதுவே தலைக்குக் கூரா நிக்குமாம், மழையும் ரெண்டு மடிப்பா வழிஞ்சு போயிருமாம். கடைல போயி நல்ல சாக்கா மூணு வாங்கிட்டு வரச் சொல்லி, அவரே ஒவ்வொருத்தன் தலைலயும் போட்டுக் காட்டுனாரு.”